தலையில் பட்ட அடியும் அளவோடு எடுத்து வைக்கும் அடியும்

  

  

பிள்ளையின் கை முறிந்தால் வீடே அதை அறிந்துகொள்கிறது. கட்டுப்போட்ட கையைக் கண்டவுடன் ஆசிரியர் இரங்குகிறார். நண்பன் புத்தகப் பையைச் சுமக்கிறான். உம்மா சோற்றைப் பிசைந்து ஊட்டுகிறார். ஆனால் தலையில் அடிபட்ட பிள்ளையின் நிலை வேறு. இரத்தம் இல்லை, வீக்கமும் இரண்டு நாளில் வற்றிவிட்டது, ஸ்கேன் படத்திலும் குறை தெரியவில்லை. எனினும் ஒரு மாதம் கடந்த பின்னரும் அவனுக்குத் தலை வலிக்கிறது. எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது. வெளிச்சமும் சத்தமும் தாங்க முடியவில்லை. ஒரு பக்கத்தை வாசித்து முடிப்பதற்குள் களைத்துப் போகிறான். சின்ன விடயத்திற்கும் கோபப்படுகிறான். அவனை நாம் என்ன சொல்கிறோம்? சோம்பேறி என்கிறோம்; நடிக்கிறான் என்கிறோம்; ஏதோ பிடித்துவிட்டது என்றும் சொல்லிவிடுகிறோம்.

அந்தப் பிள்ளைக்காகவே இன்று பேசுகின்றேன்.

தலையில் காயம்பட்ட ஒருவரின் சம்பவம் ஹதீஸில் வந்திருக்கின்றது. ஜாபிர் (ரலி) அவர்கள் வாயிலாக அபூதாவூதில் அது பதிவாகியுள்ளது. பிரயாணம் ஒன்றில் தோழர் ஒருவரின் தலையில் கல்பட்டுக் காயம் ஏற்பட்டது. பின்னர் அவருக்குக் குளிப்புக் கடமையாயிற்று. தயம்மும் செய்துகொள்ளத் தமக்கு அனுமதி உண்டா எனத் தம்முடன் இருந்தோரிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது அனுமதி இல்லை என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அவர் குளித்தார், மரணித்தும் போனார். செய்தி எட்டியபோது நபி (ஸல்) அவர்கள் கடும் கோபம் கொண்டார்கள். அவரைக் கொன்றவர்கள் அவர்களே என்றும், தெரியாதபோது கேட்டிருக்கக் கூடாதா என்றும், அறியாமை எனும் நோய்க்கு மருந்து கேட்டறிவதே என்றும் கருத்துப்படக் கண்டித்தார்கள்.

சிந்தித்துப் பாருங்கள். அந்தத் தோழர்கள் கெட்டவர்கள் அல்லர். தங்கள் சகோதரன் மார்க்கக் கடமையில் குறைவைத்துவிடக் கூடாதே என்ற நல்ல நோக்கத்தில்தான் அவ்வாறு கூறினார்கள். நோக்கம் நல்லதாக இருந்தது, அறிவு இருக்கவில்லை. தலையில் அடிபட்டவனுக்கு அறிவின்றிச் சொல்லப்படும் ஆலோசனை எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் வேண்டுமா?

இந்த உபாதையை வைத்தியர்கள் மூளையதிர்ச்சி, கன்கஷன் என்று அழைக்கின்றனர். இது புதிய நோயன்று. ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்து, ரய் நகரிலும் பக்தாதிலும் வைத்தியசாலைகளை நிர்வகித்த முஸ்லிம் மருத்துவ மேதை முஹம்மது இப்னு ஸகரிய்யா அர்ராஸியைப் பற்றி மருத்துவ வரலாற்றாசிரியர்கள் ஒன்றைக் குறிப்பிடுகின்றனர். மூளை சிதையாமலே அதன் இயக்கம் மட்டும் குழம்பிப் போகும் நிலை ஒன்று உண்டென முதன்முதலில் பிரித்துணர்த்தியவர் அவரே என்பர். கட்டடம் இடியவில்லை, உள்ளே மின்சாரம் தடுமாறுகிறது. ஸ்கேன் படம் கட்டடத்தைத்தான் காட்டும். அதனால் அது சுத்தமாக வந்தது என்பதற்காகப் பிள்ளை பொய் சொல்கிறான் என்று முடிவு செய்யலாகாது.

எமது மலைநாட்டில் தலையில் அடிபட வழிகள் பல. ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, மஸ்கெலியா என எங்கும் செங்குத்தான பாதைகள். மழையில் வழுக்கும் படிக்கட்டுகள். வளைவுக்கு வளைவு விரையும் மோட்டார் சைக்கிள்களும் முச்சக்கர வண்டிகளும். 2023 ஜனவரியில் நானுஓயா ரதல்லைப் பாதையில் பாடசாலை மாணவர்களின் சுற்றுலா பஸ் ஒன்று வேனுடனும் முச்சக்கர வண்டியுடனும் மோதி 7 பேர் உயிரிழந்ததையும், மாணவர்கள் பலர் காயமடைந்ததையும் எம்மவர் மறந்திருக்க மாட்டார்கள். இத்தகைய விபத்துக்களில் உயிர் தப்பியவர்களைக் கண்டு அல்ஹம்துலில்லாஹ் என்கிறோம். ஆனால் தப்பியவர் தலையில் என்ன அதிர்வைச் சுமந்து வந்தார் என்று விசாரிக்க மறந்துவிடுகிறோம். விளையாட்டு மைதானமும் அப்படியே. கிரிக்கெட் பந்தும், உதைபந்தாட்டத்தில் தலையோடு தலை மோதுவதும் இந்த உபாதைக்குப் பொதுவான காரணங்கள்.

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகின்றேன். தலையில் அடிபட்ட பின் திரும்பத் திரும்ப வாந்தி வந்தால், தலைவலி நேரத்துக்கு நேரம் கூடினால், வலிப்பு ஏற்பட்டால், எழுப்பினாலும் எழும்பாத உறக்கம் வந்தால், பேச்சு குழறினால், கை கால் பலமிழந்தால், ஒரு கண்மணி மற்றதைவிடப் பெரிதாகத் தெரிந்தால், காதிலோ மூக்கிலோ இரத்தமோ தெளிந்த நீரோ வடிந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம். 1990 எனும் இலக்கத்திற்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். நுவரெலியாவில் மாவட்டப் பொது வைத்தியசாலை உண்டு. டிக்கோயாவில், இந்தியாவின் உதவியில் 150 கட்டில்களுடன் கட்டப்பட்டு 2017 மே மாதத்தில் திறந்து வைக்கப்பட்ட வைத்தியசாலை உண்டு. ஓதிப் பார்ப்பதும் எண்ணெய் தேய்ப்பதும் அந்த நேரத்தில் முதலாவதாக இருக்கக் கூடாது.

இத்தகைய ஆபத்து இல்லாத பிள்ளைகளே பெரும்பாலானோர். அவர்களில் அதிகமானோர் நான்கு வாரங்களுக்குள் குணமடைந்து விடுகின்றனர். சிலருக்கு மட்டும் உபாதை நீடிக்கிறது. இங்கேதான் நம் வீடுகளில் இரண்டு தவறுகள் நடக்கின்றன.

முதலாவது, அவசரம். அடிபட்ட அன்றே மைதானத்துக்குத் திரும்ப அனுப்புவது. ஆண்பிள்ளைக்கு இதெல்லாம் ஒரு காயமா என்று கேட்பது. ஆறாத மூளைக்கு மீண்டும் ஓர் அடி விழுந்தால் உபாதை பன்மடங்காகும். அரிதாக உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். இதனால்தான் சர்வதேச கிரிக்கெட் சபை 2019 ஆகஸ்ட் முதல், மூளையதிர்ச்சிக்கு ஆளானவருக்குப் பதிலாக வேறொருவர் முழுமையாக விளையாடலாம் என விதி வகுத்தது. 2021 நவம்பரில் எமது காலி மைதானத்தில், தமது முதலாவது டெஸ்ட் போட்டியை ஆட வந்த மேற்கிந்திய வீரர் ஜெரமி சொலோசானோவின் தலைக்கவசத்தில் பந்து பட்டது. அவர் தூக்குப் படுக்கையில் கொண்டு செல்லப்பட்டார். அவருக்குப் பதிலாக ஷாய் ஹோப் விளையாடினார். வாழ்நாள் கனவான முதல் போட்டியையே ஒரு வீரர் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது என்றால், ஒழுங்கை கிரிக்கெட்டை விட்டுக்கொடுக்க நம் பிள்ளைக்கு ஏன் வெட்கம்?

இரண்டாவது தவறு, அளவு கடந்த ஓய்வு. இது அன்பினால் நடப்பது. அறையை இருட்டாக்கி, நடக்காதே, வாசிக்காதே, வெளியே போகாதே என்று வாரக்கணக்கில் பிள்ளையைப் படுக்க வைப்பது. வைத்தியர்களும் ஒரு காலத்தில் இதையே சொல்லி வந்தார்கள். எனவே பெற்றோரைக் குறைகூற முடியாது. ஆனால் அறிவு வளர்ந்திருக்கின்றது. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், 11 முதல் 22 வயது வரையான 88 பேரிடம் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நாள் கடும் ஓய்வு எடுத்தவர்கள், ஓரிரு நாள் ஓய்வுக்குப் பின் படிப்படியாக எழுந்தவர்களைவிட அதிக உபாதைகளையே முறையிட்டார்கள். படுக்கையும் இருளும் தனிமையும் உடலைத் தளர்த்துகின்றன, உறக்கத்தைக் குழப்புகின்றன, உள்ளத்தில் கவலையை வளர்க்கின்றன.

இவ்விரு தவறுகளுக்கும் நடுவே ஒரு பாதை இருக்கின்றது. இந்த உம்மத்தை நடுநிலையான சமுதாயமாக ஆக்கியிருப்பதாக அல்லாஹுத் தஆலா அல்குர்ஆனில் அறிவித்துள்ளான். நடுநிலை வணக்கத்தில் மட்டுமல்ல, வைத்தியத்திலும் தேவை. அந்த நடுப்பாதைதான் அளவோடு செய்யும் உடற்பயிற்சி.

அடிபட்ட மூளையில், இதயத் துடிப்பையும் இரத்த ஓட்டத்தையும் ஒழுங்குபடுத்தும் கட்டுப்பாடு தளர்ந்துவிடுகிறது. அதனால்தான் சிறிது வேகமாக நடந்தாலே தலை கனக்கிறது. அந்தக் கட்டுப்பாட்டை மெல்ல மெல்லப் பழக்கி மீட்டெடுக்க உடற்பயிற்சி உதவுகிறது என்பதே நிபுணர்களின் விளக்கம். கனடாவின் மொன்ட்ரியல் சிறுவர் வைத்தியசாலையைச் சேர்ந்தோர், நீண்ட நாள் குணமாகாத 16 பிள்ளைகளுக்கு மிதமான பயிற்சியளித்து அவர்கள் தேறியதை 2009இல் வெளியிட்டனர். அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் டொக்டர் ஜோன் லெடியும் அவரது குழுவினரும் இதை முறையாகப் பரிசோதித்தனர். 2019இல் வெளியான அவர்களது ஆய்வில் 103 இளைஞர்கள் பங்குகொண்டனர். ஒரு பிரிவினர் நாளொன்றுக்கு 20 நிமிடம் அளவான நடையோ சைக்கிள் மிதிப்போ செய்தனர். மற்றப் பிரிவினர் வெறுமனே உடலை நீட்டி மடக்கும் பயிற்சி செய்தனர். முதற்பிரிவினர் 13 நாட்களில் தேறினர்; மற்றவர்களுக்கு 17 நாட்கள் சென்றன. 2021இல் 118 பேரைக் கொண்டு வெளிவந்த அடுத்த ஆய்வில் இது 14 நாளும் 19 நாளுமாக இருந்தது. உபாதை நான்கு வாரங்களைத் தாண்டி நீடிக்கும் அபாயமும் பயிற்சி செய்தோருக்கு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. 2022இல் அம்ஸ்டர்டாமில் கூடிய சர்வதேச நிபுணர்கள் 2023இல் வெளியிட்ட ஒருமித்த அறிக்கையும், ஓரிரு நாள் மிதமான ஓய்வுக்குப் பின் மெல்லிய நடையைத் தொடங்குமாறே கூறுகின்றது.

இப்பொழுது வாலிபர்களே, நீங்கள் கவனமாகக் கேளுங்கள். இதைச் செய்வது எப்படி?

வைத்தியரைக் கண்டு, ஆபத்து இல்லை என்று உறுதிசெய்த பின்னரே ஆரம்பிக்க வேண்டும். முதல் இரண்டு நாட்கள் வீட்டுக்குள் சிறு நடமாட்டம் போதும். அந்த 48 மணித்தியாலங்களும் கையடக்கத் தொலைபேசியைக் குறைத்துக் கொள்ளுங்கள். பின்னர் தினமும் நடக்கத் தொடங்குங்கள். புறப்படும் முன் உங்கள் உபாதைக்கு நீங்களே பூச்சியம் முதல் பத்து வரை ஒரு புள்ளி கொடுங்கள். மூன்று என்று வைத்துக்கொள்வோம். நடக்கும்போது அது நான்கோ ஐந்தோ ஆகலாம், பயப்பட வேண்டாம். அந்த இலேசான ஏற்றம் ஒரு மணித்தியாலத்துக்குள் தணிந்துவிடுமாயின் அதனால் பாதிப்பில்லை. ஐந்தைத் தாண்டினால் நின்றுவிடுங்கள். இளைப்பாறுங்கள். மறுநாள் அதைவிடக் குறைந்த வேகத்தில் மீண்டும் நடங்கள். வசதியுள்ள இடங்களில், எந்த இதயத் துடிப்பில் உபாதை கூடுகிறது என்பதை ஓடுபொறியில் அளந்து, அதில் 80 முதல் 90 வீதம் வரையான அளவிலேயே பயிற்சி செய்யச் சொல்வார்கள். நிமிடத்துக்கு 140 துடிப்பில் தலை கனத்தால், 112க்கும் 126க்கும் இடையில் நிற்க வேண்டும். பொறி இல்லாவிட்டாலும் மணிக்கட்டில் 15 வினாடி நாடி பார்த்து நான்கால் பெருக்கினால் கணக்குக் கிடைத்துவிடும்.

எமது ஊருக்கு ஒரு விசேட எச்சரிக்கை உண்டு. சமவெளியில் இருப்போருக்கு நடை என்பது இலேசான பயிற்சி. ஹட்டன் நகரிலிருந்து தோட்டத்து வீட்டுக்கு ஏறிச் செல்வது அப்படியல்ல. அந்த ஏற்றத்தில் நல்ல சுகதேகிக்கே இதயம் படபடக்கும். ஆகவே முதல் நாட்களில் ஏற்றத்தைத் தவிருங்கள். பாடசாலை மைதானம், பள்ளிவாசல் முற்றம், வீட்டு விறாந்தை, நுவரெலியாவில் இருப்போருக்கு கிரகரி வாவிக் கரை போன்ற சமதரையைத் தேடிக்கொள்ளுங்கள். பனியும் குளிரும் இறங்கும் முன், அஸர் தொழுகையின் பின் நடப்பது நலம். சமதரையில் 20 நிமிடம் உபாதையின்றி நடக்க முடிந்த பின்னரே மெல்ல மெல்ல ஏற்றத்துக்கு வாருங்கள். ஓட்டமும் பந்தும் அதற்குப் பிறகு. ஒவ்வொரு படிக்கும் ஒரு நாளாவது இடைவெளி வேண்டும். மோதல் உள்ள விளையாட்டுக்கு வைத்தியரின் அனுமதி கட்டாயம்.

பெண்பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்களுக்கும் தலையில் அடிபடுகிறது. அவர்களுக்கும் இதே சிகிச்சைதான். வெளியே நடக்கச் சங்கடமாயின் உம்மாவோடும் சகோதரியோடும் சேர்ந்து நடக்கட்டும். வீட்டுக்குள்ளே அறைக்கு அறை நடந்தாலும் போதும். நாணத்தைக் காரணம் காட்டி அவர்களின் சுகத்தைப் பறிக்க மார்க்கம் எமக்குச் சொல்லவில்லை.

பத்து நாட்களுக்கு மேலாகக் கழுத்து வலியோ தலைசுற்றோ நீடித்தால் நடை மட்டும் போதாது. வைத்தியரிடம் கேட்டு, நாம் பிசியோதெரபிஸ்ட் என்று அழைக்கும் இயன்மருத்துவரிடம் செல்லுங்கள். கழுத்துக்கும் உடற்சமநிலைக்கும் தனியான பயிற்சிகள் இருக்கின்றன.

சகோதரர்களே! இந்த வைத்தியத்தின் உயிர்நாடி எங்கே இருக்கின்றது தெரியுமா? குறைவாயினும் தொடர்ந்து செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என நபியவர்கள் கற்றுத் தந்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் இந்தப் போதனையை நாம் திக்ருக்கும் தஹஜ்ஜுதுக்கும் எடுத்துச் சொல்கிறோம். தேறிவரும் உடம்புக்கும் அதுவே பொருந்தும். ஒரே நாளில் மலையேறிவிட்டு ஏழு நாள் படுத்துக் கிடப்பதில் பயனில்லை. தினமும் 20 நிமிடம் என்பதில் பரக்கத் இருக்கின்றது. உமது உடம்புக்கும் உம்மீது உரிமை உண்டு என்று அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் நினைவூட்டியதையும் மறவாதீர்கள்.

தொழுகையைப் பற்றிச் சிலர் கவலைப்படுவீர்கள். ருகூஉவுக்கும் சுஜூதுக்கும் குனியும்போது தலை சுற்றினால் என்ன செய்வது? நோயுற்ற இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் வழிகாட்டினார்கள்: நின்று தொழுவது, இயலாவிட்டால் அமர்ந்து, அதுவும் இயலாவிட்டால் விலாப்புறம் சாய்ந்து. தலை சுற்றும்போது அமர்ந்து சைகையால் தொழுவது ஈமானின் பலவீனமல்ல. அது மார்க்கம் தந்த சலுகை. ரமழானில் நோன்பு உபாதையைக் கூட்டும் என வைத்தியர் கூறினால் விட்டுவிட்டுப் பின்னர் களாச் செய்யலாம். எமக்கு இலகுவையே அல்லாஹ் நாடுகிறான். கஷ்டத்தை அவன் நாடவில்லை.

இன்னுமொன்று. அடிபட்ட பின் பிள்ளையின் குணம் மாறினால், ஜின்னின் தீண்டல் என்று சொல்லி ஊர் ஊராக அழைத்துச் செல்வோர் இருக்கின்றனர். ஷிபாவுக்காக அல்குர்ஆனை ஓதுவது நன்மையானது; ஓதுங்கள். ஆனால் ஓதுதல் வைத்தியத்துக்குத் துணை, அதற்குப் பதில் அல்ல. உஹத் களத்தில் நபி (ஸல்) அவர்களின் தலைக்கவசம் உடைந்து, திருமுகம் காயமடைந்து, பல்லும் உடைந்தது. இரத்தம் நிற்காததைக் கண்ட பாத்திமா (ரலி) அவர்கள் பாயின் துண்டை எரித்துச் சாம்பலாக்கிக் காயத்தில் வைத்தார்கள், இரத்தம் நின்றது. அந்த உத்தம குடும்பமே மருந்தைத் தேடியதென்றால் நாம் யார்?

பெற்றோர்களே! க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை நெருங்குகிறதே என்று உங்கள் நெஞ்சு பதறுவதை நான் அறிவேன். கட்டுப்போட்ட கையால் எழுதச் சொல்ல மாட்டீர்கள் அல்லவா? அதிர்ந்த மூளைக்கும் அதே இரக்கத்தைக் காட்டுங்கள். அதிபரிடமும் வகுப்பாசிரியரிடமும் வைத்தியரின் கடிதத்தைக் கொடுங்கள். முதலில் அரைநாள் பாடசாலை, நடுவே இளைப்பாற இடைவேளை, பின்னர் முழுநாள் என்று திரும்பட்டும். எல்லாவற்றுக்கும் முன்னதாக, தலை வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் நம்புங்கள். நம்பப்படாத நோயாளிக்கு நோய் இரண்டு. முதல் சில நாட்கள் வாப்பாவும் மகனோடு சேர்ந்து நடந்தால், அந்த 20 நிமிடத்தில் தலைவலிக்கு மட்டுமல்ல, இருவருக்கும் இடையில் விழுந்த விரிசலுக்கும் மருந்து கிடைக்கும்.

அடிபட்ட வாலிபனே! உன் வேதனையை எந்தப் படமும் காட்டாமல் இருக்கலாம். உன் ரப்பு அதை அறிவான். முள் குத்துவதற்கும் கூட முஃமினின் பாவம் மன்னிக்கப்படுவதாக நபியவர்கள் நற்செய்தி கூறியிருக்கின்றார்கள். பொறுமை என்பது படுத்துக் கிடப்பதல்ல. அறிந்தவரிடம் கேட்டு, இன்று ஓரடி, நாளை ஓரடி என்று எழுந்து நடப்பதும் பொறுமைதான்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளின் அறிவையும் உடலையும் பாதுகாப்பாயாக! விபத்துக்களில் உயிர்நீத்தோரின் உறவினருக்கு ஆறுதலை வழங்குவாயாக! வெளியே தெரியாத வேதனையோடு வாழும் வாலிபர்களுக்குப் பூரண சுகத்தை அருள்வாயாக! தெரியாததைக் கேட்டறியும் பணிவை எங்கள் எல்லோருக்கும் தந்தருள்வாயாக! ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.